தொடக்க டிரோனில் மலிவுக் கேமரா: இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை

பொழுதுபோக்குக்காக வாங்கிய சிறிய நான்கு விசிறி டிரோனில், சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரையிலான தனிக் கேமராவைப் பொருத்தி வான்படம் எடுக்கும் முறை பற்றியது இக்கட்டுரை. 100 கிராம் எடையுள்ள கருவி 5 முதல் 20 கிராம் வரையிலான சுமையைத் தூக்கிக்கொண்டு சில நிமிடம் நிலையாக நிற்க வேண்டும். மற்ற ஊர்களில் இது எடையும் மின்சாரமும் பற்றிய கணக்கு. இராமநாதபுரம் கரையில் காற்றும் நீர்ப்பரப்பும் வான்வெளிக் கட்டுப்பாடும் கூடவே வந்துவிடுகின்றன. பறக்க இடம் உண்டா என்று தெரியாமல் கேமரா வாங்குவது வீண் செலவு என்பதால் அதையே முதலில் பார்க்கலாம்.

பறக்கும் இடம்

இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் விமானதளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. 2009 மார்ச்சில் பணியில் சேர்க்கப்பட்ட இத்தளத்தில் 2012 முதல் கடற்படையின் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்று இயங்குகிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் உள்ளது. எதிர்க்கரை இலங்கை. ஆகவே பாம்பன் பாலத்தின் மேலும் கோதண்டராமர் கோயில் மணல்வெளியிலும் நினைத்தபோது பறக்கவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் ஊரைத் தேடினால் நிறம் தெரிந்துவிடும். முக்கியப் பிரமுகர் வருகை, பெருந்திருவிழா போன்ற நாட்களில் மாநில அரசோ காவல்துறையோ தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்றும் பச்சை என்று கொள்ளக் கூடாது.

வனத்துறையின் எல்லைகள் இதற்கு மேல் தனி. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு. தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்திறங்கும் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. உள்நாட்டிலும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள். கூடு கட்டிய பறவை டிரோனின் இரைச்சலில் எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் பலி. இவ்விடங்களில் வனத்துறை அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

மிஞ்சுவது, வரைபடம் பச்சை காட்டுகிற உள்நாட்டு வயல்வெளிகள், சரணாலயம் அல்லாத வறண்ட கண்மாய்கள், சீமைக்கருவேலை அழித்த பொட்டல்கள், விளையாட்டுத் திடல்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்லப்படும் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் போன்ற நீர்நிலைகளின் கரை வளைவும் மடை வரிசையும் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகப் புரியும். பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையையும் எடுக்க முடியாவிட்டாலும் எடுக்க வேறு எவ்வளவோ இருக்கின்றன.

எடைக் கணக்கு

விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. இதில் சுமையும் சேரும்: 240 கிராம் டிரோனில் 20 கிராம் கேமராவைக் கட்டினால் அது மைக்ரோ. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கு வணிக நோக்கம் இல்லாதவரை தேவையில்லை. கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு படமெடுத்தால் அது வணிகம்.

எந்த எடையில் வாங்குவதானாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: முழுமையாகச் செய்த வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. சட்டகம், மோட்டார், கேமரா என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டும் பழக்கத்துக்கு இது சாதகம்.

அந்தரத்தில் நிற்பதற்கான மின்திறன் எடையின் ஒன்றரை அடுக்கில் ஏறுகிறது. 100 கிராம் டிரோனில் 20 கிராம் ஏற்றினால் எடை 20 சதவீதம் கூடும்; தேவைப்படும் மின்திறனோ 31 சதவீதம் கூடும். 7 நிமிடம் பறந்தது 5 நிமிடம் 20 நொடிக்கு இறங்கிவிடும். கேமரா அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தால் அந்த நேரமும் குறையும். விசிறிகளின் மொத்த உந்துவிசை முழு எடையைப் போல் இரு மடங்காவது இருப்பது வழக்கமான அளவுகோல். அதற்குக் கீழே போனால் காற்று வீச்சில் டிரோனைத் திருப்ப மிச்ச வலு இராது.

இந்தச் சுமைக் கணக்கு டிரோனுக்கு முந்தையது. ஜெர்மனியில் யூலியஸ் நொய்பிரோன்னர் என்ற மருந்தாளர் 1907-இல் புறாவின் மார்பில் கட்டும் கேமராவுக்குக் காப்புரிமை கேட்டார். அவர் செய்த கேமராக்களின் எடை 30 முதல் 75 கிராம். இன்று அதில் பாதிக்கும் குறைந்த எடையில் அசையும் படமே எடுக்கலாம்.

கேமரா வகைகள்

முதல் வகை, தானே பதிவு செய்யும் சிறு கேமரா. சாவிக்கொத்துக் கேமரா என்று இணையக் கடைகளில் விற்பவை இதில் அடங்கும். உள்ளே சொந்தப் பேட்டரியும் மெமரி கார்டும் இருக்கும். எடை ஏறத்தாழ 20 கிராம். டிரோனின் மின்சுற்றைத் தொட வேண்டியதில்லை, கழற்றி வேறொன்றில் மாட்டலாம். பறக்கும்போது படம் தெரியாது என்பதுதான் குறை. தொடக்கநிலையாளருக்கு அது ஒரு விதத்தில் நன்மை: கண் திரைக்குப் போகாமல் டிரோன் மேலேயே இருக்கும்.

இரண்டாவது, இஎஸ்பி32-கேம் போன்ற மின்பலகை. ஓவி2640 என்ற 2 மெகாபிக்சல் உணரி கொண்ட இதன் எடை 10 கிராம் அளவு. விலை ஆயிரம் ரூபாய்க்குள். நிரல் எழுதத் தெரிந்த பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஏற்றது. அசையும் படத்தைவிட, இரண்டு நொடிக்கு ஒன்று என நிழற்படங்களைக் கார்டில் சேமிக்கச் செய்வதே இதில் நல்ல பலன் தரும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்சில் இயங்குகிறது. பெரும்பாலான தொடக்க டிரோன்களின் ரிமோட்டும் அதே அலைவரிசைதான். பறக்கும்போது வைஃபையை நிறுத்திவிட வேண்டும். இதற்கு 5 வோல்ட் தேவை, ஒற்றைச் செல் பேட்டரி தருவதோ 3.7 வோல்ட். இடையில் மின்னழுத்தம் உயர்த்தும் சிறு சுற்றும் ஒரு கெப்பாசிட்டரும் வைக்காவிட்டால், டிரோன் வேகமாக ஏறும் கணத்தில் அழுத்தம் சரிந்து கேமரா அணைந்து மீண்டும் எழும்.

மூன்றாவது, 5.8 கிகாஹெர்ட்சில் நேரடியாகப் படம் அனுப்பும் எஃப்பிவி கேமரா. கேமராவும் 25 மில்லிவாட் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்து 5 கிராம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கக் கண்ணில் மாட்டும் கண்ணாடித் திரையின் விலை கேமராவைப் போல் பல மடங்கு. இந்தியாவில் 2018 முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய மேல்பட்டை 5,725 முதல் 5,875 மெகாஹெர்ட்ஸ் வரை. சந்தைக் கருவிகளின் சேனல் தொகுப்புகளில் ஏ-பட்டை முழுவதும் இதற்குள் அடங்கும். ரேஸ்பேண்ட் என்ற தொகுப்பின் 7, 8 ஆம் சேனல்கள் 5,880, 5,917 மெகாஹெர்ட்ஸ் என வெளியே போய்விடும். கண்ணாடி மாட்டியவருக்கு வானம் தெரியாது. டிரோனைக் கண்ணால் தொடர இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதல் கேமராவாக முதல் வகையையே பரிந்துரைக்கலாம். கடைக்காரர் 4கே என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் ஒழுங்காக எடுத்த 2 மெகாபிக்சல் படமே போதும்: 60 டிகிரி பார்வைக்கோணம் உள்ள கேமரா 30 மீட்டர் உயரத்தில் 34.6 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 1,600 பிக்சலில் அதை வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 2 சென்டிமீட்டர் சொச்சம். வரப்பு உடைப்பையும் மடைக் கதவையும் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொருத்துதல்

கேமராவை மூக்கில் மாட்டினால் எடைமையம் முன்னே சாய்ந்து முன் மோட்டார்கள் சூடேறும். பேட்டரியைப் பின்னால் நகர்த்தி, இரண்டு விரல் நுனியில் டிரோனைத் தாங்கிச் சமன் பார்க்க வேண்டும். பதிவில் நேர்க்கோடுகள் நெளிந்து தெரிவதை ஜெல்லோ என்பார்கள். உணரி படத்தை வரிவரியாகப் படிக்கிறது. அந்த இடைவெளியில் விசிறி அதிர்வு ஒவ்வொரு வரியையும் வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. இருபக்க நுரை டேப்பும், காதில் அடைக்கும் நுரைத் துண்டும் அதிர்வைப் பெருமளவு விழுங்கும். விசிறி இதழ் ஒன்று கனமாக இருந்தால் எதிர் இதழில் சிறு செல்லோ டேப் ஒட்டிச் சமன் செய்யலாம். வெண்மணல் வெயிலில் கேமரா மிகக் குறுகிய நேரமே ஒளியை ஏற்பதால் நெளிவு இன்னும் எடுப்பாகத் தெரியும். லென்சின் முன் சாம்பல் நிற ஒளிகுறை வடிகட்டி வைத்தால் தணியும்.

காற்றும் கடலும்

இராமேசுவரம் தீவுப்பகுதி மீனவர்களுக்கு வடக்கே பாக் நீரிணை வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். மே முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் காற்று வீசித் தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை வீச, வடகடல் பொங்கும். ஒரு பக்கம் சீறும்போது மறுபக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். வெளியூரிலிருந்து வருபவர் ஏமாறுவது இந்த அமைதியில்தான். கச்சான் காலத்தில் வடகரையில் அலை எழாததற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதும் அலை வளர நீர்ப்பரப்பு போதாததும்தான். காற்று குறையவில்லை. பத்து மீட்டர் ஏறியதுமே அது டிரோனைக் கடலுக்குள் தள்ளும்.

தொடக்க டிரோன் ஒன்றின் உச்ச வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று கொள்வோம். காற்று 15 கிலோமீட்டர் என்றால் எதிர்த்துத் திரும்பும் வேகம் 3 கிலோமீட்டர்தான். காற்றோடு சில நொடியில் போன 100 மீட்டரைத் திரும்பிக் கடக்க 2 நிமிடம் ஆகும். 5 நிமிடப் பேட்டரியில் இதற்கு இடம் இல்லை. காற்றுக்கு எதிராகவே புறப்பட்டுப் போவதும், பாதிப் பேட்டரி தீருமுன் திரும்புவதும்தான் வழி. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் சிக்னல் சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. சிறு டிரோனுக்கு அந்த அளவில் கால் பங்கே தொல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் டிரோன் பெட்டியிலேயே இருக்கட்டும். மாசி, பங்குனிக் காலைகளில் கடற்காற்று எழுவதற்கு முன்னுள்ள நேரம் நல்லது.

ஜிபிஎஸ் இல்லாத டிரோன்கள் பல, அடிவயிற்றிலுள்ள சிறு கேமராவால் தரையைப் பார்த்துத் தம் நிலையைப் பிடித்துக்கொள்கின்றன. 80 கிராம் எடையுள்ள டெல்லோ இத்தகையது. நீரின் மேல் பறந்தால் அலையின் அசைவைத் தன் அசைவாக எடுத்துக்கொண்டு அது அலையோடு நகரத் தொடங்கும். இந்த ரகத்தை நீருக்கு மேல் கொண்டுபோகவே கூடாது.

அனுமதியுள்ள இடத்தில் நீருக்கடியில் உள்ளதை மேலிருந்து படமெடுக்க, நேரம்தான் முக்கியம். இராமேசுவரம் ஏறத்தாழ 9.3 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது கீழ்நோக்கிய கேமராவில் சூரியனின் பிரதிபலிப்பு மட்டுமே விழும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு அந்தப் பளபளப்பு படத்துக்கு வெளியே போய்விடும். போலராய்டு வடிகட்டி சாய்வாகப் பார்க்கும்போது நன்றாக உதவும். நேர் கீழே பார்க்கையில் அதனால் பெரிய பயன் இல்லை.

பராமரிப்பும் அந்தரங்கமும்

உப்புக்காற்று செம்புப் பூச்சையும் இணைப்பு முனைகளையும் சில வாரத்திலேயே பச்சைப் பிடிக்க வைக்கும். பறந்து வந்ததும் பேட்டரியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றில் உலர்த்த வேண்டும். மணலிலிருந்து நேராக எழுப்பினால் மோட்டாருக்குள் மணல் ஏறும். பிளாஸ்டிக் தட்டோ பாயோ விரித்து அதன் மேல் இறக்கலாம். லென்சில் படியும் உப்புப் பனியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஈரம் காட்ட வேண்டும்.

இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராடி ஈர உடையோடு எழுபவர்களும், தீவுக் கரைகளில் பாசி எடுக்கும் பெண்களும் படமெடுக்கப்படுவதற்கு இசைந்து அங்கே நிற்பவர்கள் அல்லர். ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.