தண்ணீர் கொடுத்த மாயக்காள்: பெருங்காமநல்லூருக்கு ஒருமுறை போய் வருவோம்



போர்க்களம்னு சொன்னா நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பானிபட், பிளாசின்னு பள்ளிக்கூடத்தில் படித்தது வரும். யானை, குதிரை, பீரங்கி, ரெண்டு பக்கமும் ராஜாக்கள். நம்ம தேனியிலிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற ஒரு ஊரிலும் வெள்ளைக்கார அரசாங்கத்தோடு ஒரு சண்டை நடந்திருக்கிறது. அங்கே ராஜாவும் இல்லை, படையும் இல்லை. ஒரு பக்கம் துப்பாக்கி பிடித்த போலீஸ். மறுபக்கம் காடு கரையில் வேலை பார்த்துப் பிழைத்த ஜனங்கள். அந்த ஊர் பெருங்காமநல்லூர். நாள் 1920 ஏப்ரல் 3. அன்றைக்குச் செத்தவர்கள் 16 பேர். அதில் ஒருத்தர் பெண். அவர் பெயர் மாயக்காள்.

நம்ம கூட்டமைப்பு மலரில் கடன், சேமிப்பு, தொழில் பற்றி நிறைய எழுதுகிறோம். இந்த ஊரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சில பேர் கேட்கலாம். கடைசி வரை படியுங்கள். நம்ம குழுக் கூட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ரேகைச் சட்டம்

1871-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். முதலில் வடக்கே தான் இருந்தது. 1911-ல் அதைத் திருத்தி எழுதி நம்ம சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் திருடினால் அவரைப் பிடித்து விசாரித்துத் தண்டனை கொடுக்க வேறு சட்டம் ஏற்கெனவே இருந்தது. இந்தச் சட்டம் அப்படி இல்லை. ஒரு சமூகத்தில் பிறந்துவிட்டாலே போதும், அவன் குற்றவாளி என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற சட்டம் இது.

மதுரைச் சீமையில் 1914-ல் இதைத் தொடங்கினார்கள். சில வருஷங்களுக்குள் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். வயது வந்த ஆண்கள் எல்லாரும் போலீசிடம் போய்ப் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். அதனால் தான் நம்ம ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். பதிந்த பிறகு போலீஸ் சொல்கிற நேரத்துக்குப் போய் ஆஜர் ஆகணும். இராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். சீட்டு இல்லாமல் போனால் ஜெயில். கல்யாணம் ஆன அன்றைக்கு மாப்பிள்ளையும் சாவடிக்குப் படுக்கப் போனார் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

இதை ஒரு பெண்ணாக நின்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஆம்பளை ஆட்கள் எல்லாம் சாவடியில். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இராத்திரி முறைத்தண்ணி வந்தால் மடை திருப்பப் போவது யார்? விடியற்காலை ஆள் திரும்பி வரவில்லை என்றால் எங்கே போய் விசாரிப்பது? பட்டியலில் இருந்தது ஆம்பளைகளின் ரேகை. அந்தப் பட்டியலின் பாரத்தைச் சுமந்தது வீட்டுப் பெண்கள்.

கள்ளர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குறவர், மறவர், வலையர், படையாச்சி என்று இந்த மாகாணத்தில் பல சமூகங்கள், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வருஷத்தில் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. நம்ம கூட்டமைப்பில் இருக்கிற பல குடும்பங்களின் தாத்தா, பாட்டன் கைரேகை ஏதோ ஒரு ஸ்டேஷன் நோட்டில் இருந்திருக்கும்.

அன்றைக்கு நடந்தது

பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். நாங்கள் வெள்ளாமை செய்து பிழைக்கிறவர்கள், எங்களை ஏன் திருடன் என்று எழுதுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. சுற்றுவட்டாரத்தில் மனுவும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. ஏப்ரல் 3 அன்று அதிகாரிகள் ஆயுதப் போலீசோடு ஊருக்கு வந்து இறங்கினார்கள். ரேகை வைக்க வரச் சொன்னார்கள். ஊர் மறுத்தது. ஜனங்கள் கையில் கம்பும் கல்லும். போலீஸ் கையில் துப்பாக்கி. சுட்டார்கள்.

குண்டு பட்டு விழுந்தவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிதறி ஓடுகிற நேரத்தில் மாயக்காள் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தார். அவரையும் கொன்றுவிட்டார்கள். துப்பாக்கி முனையில் இருக்கிற கத்தியால் குத்தினார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். இறந்தவர்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டு போய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்றும், பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1919 ஏப்ரல் 13-ல், பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. அதை நாம எல்லாரும் படித்திருக்கிறோம். பெருங்காமநல்லூரைத் தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்று சொல்லுவார்கள். ஆனால் நம்ம பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பஞ்சாப் தெரியும், உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கிற ஊர் தெரியாது.

சட்டம் ஒரே நாளில் போகவில்லை

16 பேர் செத்த பிறகாவது சட்டத்தை எடுத்தார்களா? இல்லை. இன்னும் 27 வருஷம் இருந்தது. அந்த 27 வருஷமும் அதை எதிர்த்து ஆட்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்று ஒரு வக்கீல் இருந்தார். கேரளத்துக்காரர், கிறிஸ்தவர். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பார். இந்த ஜனங்களுக்காக எழுதினார், பேசினார், வழக்காடினார். ஜனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்ற தலைவர்களும் இந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றார்கள். கட்சி வேறு, சாதி வேறு, மதம் வேறு. கேட்டது ஒன்று தான். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-ல். அதனால் தான் அந்தப் பட்டியலில் இருந்த சமூகங்களை இன்றைக்குச் சீர்மரபினர் என்று சொல்கிறோம்.

எங்கே போய்ப் பார்ப்பது

கம்பம், போடி, பெரியகுளம் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் முதலில் தேனி. அங்கிருந்து ஆண்டிபட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி உசிலம்பட்டி. தேனியில் இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போடி–மதுரை ரயிலிலும் வந்து உசிலம்பட்டியில் இறங்கலாம். அங்கிருந்து தெற்கே சேடபட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். கணவாய் இறங்கியதும் மண் மாறுவதைக் கவனியுங்கள். நம்ம பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் நெல்லும் தென்னையும் திராட்சையும். அந்தப் பக்கம் பல இடங்களில் மழையை நம்பிய மானாவாரி நிலம்.

ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர் இருக்கிறது. ஏப்ரல் 3 அன்று கட்சிக்காரர்களும் அமைப்புகளும் மாலை போட வருவார்கள், கூட்டமாக இருக்கும். நிதானமாக நின்று பெயர்களை வாசிக்க நினைத்தால் வேறொரு நாள் போகலாம். சித்திரை வெயில் தெரியும்தானே, தண்ணீர் கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள், குறிப்பாக வயதான அம்மாமார்களிடம். இறந்தவர்கள் அவர்களுக்குத் தாத்தா, மாமன், பெரியப்பா முறை.

நம்ம பள்ளத்தாக்குக்குள்ளேயே இதன் அடையாளம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் ‘அரசு கள்ளர் பள்ளி’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். நம்ம பிள்ளைகள் பல பேர் அங்கே தான் படித்தார்கள், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசாங்கம் கள்ளர் சீரமைப்பு என்று ஒரு திட்டத்தைப் பெரிதாக நடத்தியது. பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், விவசாயத்துக்கு நிலம் என்று கொடுத்தது. ஒரு கையில் ரேகை நோட்டு, மறு கையில் சிலேட்டு. உங்களைத் திருத்துகிறோம் என்று சொல்லித் தான் பள்ளிக்கூடமே வந்தது. ஆனால் அந்தச் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மேலே வந்துவிட்டார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் ஏறக்குறைய 300 பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. தினமும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற கேட்டும் ஒரு நினைவுச் சின்னம் தான்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. 1895-ல் பெரியாறு அணை திறந்ததால் தான் நம்ம வயலில் தண்ணீர். தைப் பொங்கலுக்கு அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறோம். அது நியாயம். அணை கட்டிய அதே அரசாங்கம், திறந்து 25 வருஷத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கம் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டது. நன்றி சொல்கிற போது இதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரெண்டும் நம்ம வரலாறு.

நம்ம குழுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

நாம குழு தொடங்கிய போது பல பேர் கைநாட்டு. தீர்மான நோட்டில் பெருவிரலை உருட்டினோம். பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். இன்றைக்கு ரேஷன் கடையில், பேங்கில் மறுபடியும் விரல் வைக்கிறோம். ஆனால் அது நமக்குச் சேர வேண்டியதை வாங்குவதற்கு. 1920-ல் கேட்ட ரேகை, நீ பிறப்பிலேயே திருடன் என்று ஒத்துக்கொள்வதற்கு. அதனால் தான் ஒரு ஊரே உயிரைக் கொடுத்து மறுத்தது.

இப்போது நம்ம கூட்டத்துக்கு வருவோம். புதுசாக ஒரு சகோதரி குழுவில் சேர வந்தால், அல்லது முதல் கடன் கேட்டால், சில நேரம் ஒரு முணுமுணுப்பு கேட்கும். ‘அந்த ஆளுகளா? காசு திரும்ப வராது.’ ‘அந்தத் தெருவா? வேண்டாம்.’ இதைச் சொல்லாத ஊர் இல்லை. ஒவ்வொரு சாதியும் இன்னொரு சாதியைச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். 1911-ன் சட்டமும் இதையே தான் சொன்னது. ஆளைப் பார்க்காதே, பிறப்பைப் பார் என்றது. அதை எதிர்த்து நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு இன்னொருத்தரை அப்படிப் பேசினாலும் தப்பு தான்.

நம்ம குழுவின் முறை வேறு. வாராவாரம் வந்தாரா, சந்தா கட்டினாரா, வாங்கிய கடனைத் திருப்பினாரா, இவ்வளவு தான் நோட்டில் இருக்கிறது. சாதிக்கு அதில் கட்டம் கிடையாது. அந்த நோட்டை எழுதுவது போலீஸ் இல்லை, நாமே எழுதுகிறோம். எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம். தப்பாக இருந்தால் எழுந்து கேட்கலாம். நம்ம பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. அதை விட்டுவிடக் கூடாது.

மாயக்காள் தண்ணீர் கொண்டு போன போது, விழுந்து கிடப்பவர் எந்தப் பங்காளி, எந்த வகையறா என்று பார்த்திருக்க நேரம் இல்லை. தாகம் என்று கேட்டார்கள், கொடுத்தார்.

ஒரு கோரிக்கை. வருகிற ஏப்ரல் 3-ஐ ஒட்டி வரும் குழுக் கூட்டத்தில், சேமிப்பு வசூலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்குவோம். பெருங்காமநல்லூர் போய் வந்தவர்கள் அந்த 16 பெயர்களை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கட்டும். போகாத குழுக்கள், சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போய் வரலாமா என்று தீர்மானம் போடட்டும். பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் ‘அரசு கள்ளர் பள்ளி’ப் பலகை வந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களே உங்களிடம் கேட்பார்கள். பதில் இனி உங்களிடம் இருக்கிறது.