ரேனியஸ் ஐயரும் இரண்டுபட்ட சபையும்

வேதபாட வகுப்பில் வாக்குவாதம் முற்றி, ஒரு குடும்பம் சபையை விட்டே போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததுண்டு, ஒருமுறை அதற்குக் காரணமாகவும் இருந்ததுண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் திருநெல்வேலிச் சீமையில் நடந்ததைப் பார்ப்போம்.

ரேனியஸ் ஐயர் 1790இல் பிரஷ்யாவில் பிறந்தவர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். அவரை 1814இல் சென்னைக்கு அனுப்பியதோ இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம். பின்னாளில் வந்த சண்டைக்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது. 1820இல் பாளையங்கோட்டைக்குப் போனார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகள் உண்டாயின. ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் பாளையங்கோட்டை ஆலயம் 1826இல் அவர் காலத்தில் எழும்பியதுதான். ஊர் ஊராகச் சபையை நடத்தியவர்கள் தமிழ் உபதேசியார்கள். அவர்களுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுப்பதே தன் முதல் வேலை என்று ஐயர் நினைத்தார்.

அவருக்கு வந்த முதல் சண்டை வேதாகமத் தமிழைப் பற்றியது. பப்ரீசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை அவர் எளிய நடையில் திருத்தினார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். எனக்கு இது புரிகிறது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். லூயி செகோனின் பிரெஞ்சு வேதாகமத்தைத்தான் முதலில் வாசித்தேன். சபையில் கேட்டது தமிழ். ஒரே வசனம் இரண்டு மொழியில் இரண்டு விதமாக மனதில் நிற்கும். மனப்பாடமான வார்த்தையில் ஒருவர் கை வைத்தால், வேதத்திலேயே கை வைத்தது போலத் தோன்றும். பிற்காலத்தில் இந்த வேலையைத் தனி ஆள் கையில் விடாமல், பல மிஷன்களின் ஆட்கள் சேர்ந்த குழுவிடம் கொடுத்தார்கள். பவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பு அப்படிப் பிறந்தது. அப்போதும் லுத்தரன் சபையார் பப்ரீசியஸை விடவில்லை. ஆனாலும் யாரும் யாரையும் துரத்தவில்லை.

இரண்டாவது சண்டை குருப்பட்டம் பற்றியது. உபதேசியார்களுக்கு யார் குருப்பட்டம் கொடுப்பது? பிஷப்தான் என்றது சங்கம். தரங்கம்பாடியில் 1733இல் ஆரோனுக்கு லுத்தரன் ஐயர்மார்தானே கொடுத்தார்கள், நாங்கள் கொடுத்தால் என்ன என்றார் ரேனியஸ். அத்தோடு, இங்கிலாந்து திருச்சபை முறைகளைக் குறைகூறி ஒரு புத்தக விமர்சனமும் அச்சிட்டார். 1835இல் சங்கம் அவரை விலக்கியது.

ஐயர் ஆற்காட்டுக்குப் போய்விட்டார். அத்தோடு நின்றிருந்தால் வருத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும். உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிட்டார். அதற்குள் சங்கத்தின் ஆட்களும் பாளையங்கோட்டையில் இருந்தார்கள். ஒரே ஜில்லாவில் இரண்டு மிஷன்கள். உபதேசியார் எந்தப் பக்கம், ஊர் எந்தப் பக்கம் என்று பிரிந்தது. அந்தக் கிராமத்து ஜனங்களுக்கு ஆங்கிலிக்கன், லுத்தரன் என்ற வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும்? இரு தரப்பும் போதித்த சுவிசேஷம் ஒன்றுதான்.

1838 ஜூன் 5ஆம் தேதி ரேனியஸ் ஐயர் காலமானார். வயது நாற்பத்தேழு. பாளையங்கோட்டையிலேயே அடக்கம் செய்தார்கள். அதன்பிறகு அவர் பக்கத்துச் சபைகளில் பெரும்பகுதி சி.எம்.எஸ்.ஸோடு மறுபடி சேர்ந்தன. சேர முடிந்ததென்றால், பிரிவு அவ்வளவு அவசியமாக இருந்ததா? ஐயர் மனசாட்சிப்படி நடந்தார். சங்கம் தன் ஒழுங்கின்படி நடந்தது. இருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மரணம் வரும்வரை அது ஆறவில்லை.

அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பாதியில் விருத்தசேதனம் பற்றிய பெரிய உபதேசச் சண்டை. எல்லாரும் எருசலேமில் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில், மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்ற சின்ன விஷயத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்துவிடுகிறார்கள். பெரியது தீர்ந்தது, சின்னது தீரவில்லை. அதே பவுல் கடைசிக் காலத்தில், மாற்கு எனக்கு உதவியானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவருக்கு அதற்கு அவகாசம் இருந்தது.

எனக்கு இல்லை. பல வருஷங்களுக்கு முன் எங்கள் சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். வேதபாடம் நடத்திய ஒரு பெரியவர், குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று போதித்தார். கமிட்டி கொதித்தது. நான் ஆபீஸ் பழக்கத்தில், ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று கடிதம் அனுப்பினேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்து போயிருக்கலாம். பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அந்தக் குடும்பமும் வரவில்லை.

அவர் அடக்கத்துக்குப் போனபோது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்க கடிதாசியைக் கடைசிவரைக்கும் பைபிளுக்குள்ளேயே வச்சிருந்தாரு ஐயா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் இப்போது சபையில் யாராவது, அவர் போதிப்பது தப்பு என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தால், நான் கேட்பது ஒன்றுதான்: அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா?