சிலேட்டும் கைபேசியும்

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் நிற்கிறது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1893இல். தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கு மலையைக் குடைந்து வழி சமைத்த ஆட்சிக்கு, அப்பெட்டிகளை நிறைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் வேண்டும் என்ற நினைப்பு வர மேலும் 14 ஆண்டுகள் பிடித்தன.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும், அதற்கென அறை ஒன்றை ஒதுக்குவதையும் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. கடமை பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், மணல், சிலேட்டு: பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது இவ்வளவே. 1945இல் நாடு இலவசக் கல்வி பெற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வாசலுக்கு வெளியே நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பெருமளவில் கையேற்கத் தொடங்கிற்று.

இந்த வரலாற்றை மறந்துவிட்டுக் கணினிக் கல்வியைப் பற்றிப் பேசுவது எளிது. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். ஆனாவும் ஆவன்னாவும் கைக்குப் பழகுமுன், மார்ச்சு மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வாட்சப்பில் வந்தது. லயத்துக் காம்பராவிலே கைபேசி இருந்தால் ஒன்று. அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் திரும்பினால் அண்ணனுக்கு ஒரு பாடம், அக்காளுக்கு ஒரு பாடம். கடைக்குட்டியின் முறை வருமுன் டேட்டா தீர்ந்துவிடும். மலை மறைத்தால் அலையும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைக் கண்ணால் மட்டும் கற்பதில்லை. சுழி எங்கே தொடங்கிற்று, கை எப்பக்கம் வளைந்தது என்று பார்த்து, விரலைப் பிடித்துத் திருத்த ஒருவர் அருகிருக்க வேண்டும்.

ஆயின் யந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. இதே நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலையில் 1989இல் எழுந்த சமூக வானொலி, பத்தாண்டுகளின் பின் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. மக்கள் கேள்வி அனுப்புவர்; அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடையை அவர்கள் மொழியிலேயே வானொலியில் விளக்குவார். கணினியைத் தொட்டறியாதவரும் பயன் பெற்றனர், இடையிலே ஒரு மனிதர் இருந்தமையால்.

முதலாம் ஆண்டு ஆசிரியையும் அத்தகைய மனிதரே. அவர் கையிலுள்ள ஒரே கைபேசி போதும். பிள்ளை வாசிப்பதைப் பதிந்து திருப்பிப் போட்டால், தன் தடுமாற்றத்தைத் தானே கேட்கிறது. (லகர ளகரத்தில் தடுமாறுவது பிள்ளைகள் மட்டுமா!) பாட்டி சொன்ன கதையைப் பதிந்து வகுப்பில் ஒலிக்கவிட்டு, அதிலுள்ள கொழுந்தும் கூடையும் பனியும் கரும்பலகைக்கு வரலாம். பத்து நிமிடம். பிறகு கைபேசி மேசைக்குள் போய், பென்சில் வெளியே வரவேண்டும். இதற்கு வேண்டியது ஆசிரியைக்குப் பயிற்சியும் பாடசாலைக்கு இணைப்பும் மின்சாரமும்.

2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. பின்னர் எரிபொருள் இன்மையால் பாடசாலைகள் மீண்டும் மூடின. அந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 2024 செப்டெம்பரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் பரீட்சைக்கு அமர்ந்தார்கள். வீட்டில் கணினியும் மாலையில் டியூஷனும் கண்ட கொழும்புப் பிள்ளைகளும் அன்று அதே பரீட்சையைத்தான் எழுதினார்கள்.