மாமல்லபுரத்துக்கு ஒரு படகுச் செலவு

துபாய், அபுதாபி பாலைவனக் கடற்கரையை ஒட்டி உல்லாசப் படகில் விடுமுறை! இப்படி விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்போம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது. படகில் ஏறி விடுமுறை போவது இந்தப் பக்கத்துக்குப் புதிய பழக்கம் என்று நினைத்தால் அது தவறு. சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்கு இரவுப் படகில் போன காலம் ஒன்று இருந்தது. கடல் வழியாக அல்ல, கடலை ஒட்டியே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக.

பொத்தேரியில் இருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் அந்தக் கால்வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஏன் கடலில் போகவில்லை?

சோழமண்டலக் கடற்கரையில் சிறிய படகு ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை கரையிலேயே உடையும். சென்னைக்கு வந்த கப்பல்களே தள்ளி நங்கூரம் போட்டு, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் இறக்கின. ஆனால் கடற்கரை மணல் மேடுகளுக்குப் பின்னால் கால்வாயில் அலை இல்லை. படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் சிற்பங்களைப் பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள் செய்தது இதைத்தான். சாயங்காலம் படகு ஏறினால் விடியும்போது மாமல்லபுரம். போகும் இடத்தில் ஓட்டல் கிடையாது. அதனால் சாப்பாடு, படுக்கை, சமையல் ஆள் எல்லாவற்றையும் கூடவே கொண்டு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்க்க வேண்டும். கால்வாயில் முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குவதால் ஓதத்தையும் பார்க்க வேண்டும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். பயணி தூங்க, படகுக்காரர் இரவெல்லாம் நடப்பார்!

வெள்ளைக்காரர்கள் மட்டும் போகவில்லை. 1934-ல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி முதலிய நண்பர்களோடு இதே வழியில் தோணியில் போனார். அந்தப் பயணத்தில் பிறந்த பாடலின் பெயர் 'மாவலிபுரச் செலவு'. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். இன்று அந்தச் சொல் கணக்கு நோட்டுக்குள் போய்விட்டது. சரி, அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்தக் கால்வாயை வெட்டிய செலவு யாருடையது?

தாது வருடப் பஞ்சம்

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே கொக்ரேன் என்பவர் கால்வாய் வெட்டினார். 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீட்டினார்கள். ஆனால் சென்னை நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பு இல்லாமலே இருந்தது.

அதை வெட்டியது 1876-78 பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று கிராமங்களில் சொல்வார்களே, அதுதான். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். பிழைக்க வந்தவர்களுக்கு நிவாரண வேலையாக மண்வெட்டியும் கூடையும் கொடுத்து இந்த இணைப்பை வெட்ட வைத்தார்கள். 1877 தொடக்கத்தில் மாகாணத்து நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள்கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். சர் ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி இது. மண் சுமக்கிற மனிதனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகுதான் அந்த ஆண்டிலேயே கூட்டினார்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்து, 1878-ல் கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர். வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. 1882-ல் கால்வாய் தெற்கே மரக்காணத்தை எட்டியது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் இருந்து மரக்காணம் வரை மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர்.

படகு ஏன் நின்றது?

இவ்வளவு நீளத்துக்குக் கால்வாயை உயிரோடு வைத்திருந்தது உல்லாசப் பயணிகள் அல்ல. விறகும் உப்பும் நெல்லும்தான். கடற்கரையில் வளர்ந்த சவுக்கு, படகு படகாகச் சென்னை அடுப்புகளுக்குப் போனது. தூர் வாரியதும் மதகுகளைப் பராமரித்ததும் அந்தச் சரக்குக்காகத்தான். பயணிகள் அந்தச் சரக்கின் முதுகில் ஏறிப் போனார்கள்.

பிறகு சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் மாறியது. 1965, 1966 புயல்களும் 1976 புயலும் கால்வாயைச் சேதப்படுத்தின. வருமானம் இல்லாத கால்வாயைச் சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை. சரக்குப் படகு நின்றது, கூடவே விடுமுறைப் படகும் நின்றது. 1990-களில் சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்கு இரவுப் படகு திரும்ப வரவில்லை. முட்டுக்காடு படகுக் குழாமில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கலாம்.

எல்லோரும் மறந்துபோன கால்வாய் 2004 டிசம்பர் 26 அன்று தன் வேலையைக் காட்டியது. கரை தாண்டி வந்த சுனாமித் தண்ணீரைப் பல இடங்களில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் கடலுக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு மேற்கே இருந்த பலர் பிழைத்தார்கள். பஞ்சத்தில் செத்துப் பிழைத்தவர்கள் வெட்டிய பள்ளம் நூற்றிருபது வருடங்களுக்கும் மேல் கழித்து வேறு யாரையோ காப்பாற்றியது.

சொகுசுக் கப்பல் விடுமுறைக்குத் திட்டம் போடுவது தவறில்லை. ஆனால் கடலோரத்திலேயே ஒரு நீர்வழியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் குப்பை கொட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, பஸ் அந்தப் பாலத்தில் ஏறுகிறபோது ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அதற்கு எந்தச் செலவும் இல்லை.