விரல் மரப்பு ஊசியின் வரலாறு

காங்கேயத்தின் அரிசி, தேங்காய் எண்ணெய் ஆலைகளிலும் அதைச் சூழ்ந்த திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியிலும் விரல் காயம் தொழிலோடு வருவது. பெல்ட்டில் விரல் நசுங்கும். தையல் இயந்திர ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே முறியும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழு மயக்கம் தேவையில்லை. அடிபட்ட விரலை மட்டும் உணர்விழக்கச் செய்வதே விரல் மரப்பு ஊசி.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொக்கெயினைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியின் ஹாலே நகரில் மாக்சிமிலியன் ஓபர்ஸ்ட், விரலின் அடியில் இருபுறமும் ஊசி போட்டு முழு விரலையும் மரக்கச் செய்தார். விரலுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு நரம்புகள் செல்வதே இதன் அடிப்படை. பின்னர் கொக்கெயினின் இடத்துக்குப் புரொக்கெயினும், 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெயினும் வந்தன.

மருந்துடன் அட்ரினலின் கலந்தால் ரத்தக்குழாய் சுருங்கும். ரத்தக்கசிவு குறையும், மரப்பு நீடிக்கும். ஆனால் ஊசிக்குப் பின் விரல் கறுத்து அழுகியதாக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்திகள் வந்தன. ‘விரலில் அட்ரினலின் கூடாது’ என்பது பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்த விதியாயிற்று. 2001-இல் கீத் டெங்க்ளர் 1880 முதலான பதிவுகளைத் தேடி, விரல் அழுகிய 48 நிகழ்வுகளைக் கண்டார். அவற்றில் 21-இல் மட்டுமே அட்ரினலின் இருந்தது. அதிலும் பலவற்றில் அளவு தெரியாமல் கையால் கலக்கப்பட்டது. தயார்நிலை லிக்னோகெயின்–அட்ரினலின் கலவையால் ஒன்றுகூட இல்லை. நாட்பட்டு அமிலமான புரொக்கெயினே உண்மையான குற்றவாளியாக இருக்கலாம் எனப் பிற்காலத்தில் வாதிடப்பட்டது. கனடாவின் டொனால்ட் லலோண்ட் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கையிலும் விரலிலும் அட்ரினலின் செலுத்தப்பட்ட 3,110 பேரில் எவருக்கும் விரல் அழுகவில்லை. ரத்தத்தை நிறுத்தும் இறுக்குக்கட்டு இன்றியே அறுவை செய்ய இது வழிவிட்டது. விழித்திருப்பவரை விரலை மடக்கச் சொல்லி, தைத்த தசைநாண் தாங்குகிறதா என்று மேசையிலேயே பார்க்கலாம்.

ஆயினும் அவை திட்டமிட்ட அறுவைகள். ஆலையில் நசுங்கி, ஏற்கெனவே ரத்த ஓட்டம் குன்றிய விரலுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அங்கே வெறும் லிக்னோகெயினே பாதுகாப்பானது. எதைத் தேர்ந்தாலும் ஊசிக்கு முன்பே விரல் நுனியின் தொடுவுணர்வைச் சோதிக்க வேண்டும். மரத்தபின் நரம்பு அறுந்ததா என்று அறிய வழியில்லை. பல விரல்கள் சிதைந்தால் மணிக்கட்டிலோ அக்குளிலோ நரம்பை மரக்கச் செய்வார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைத் துறையை வளர்த்த ஆர். வெங்கடசாமி, சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை அதே விரலின் பக்கத் திசுவை நகர்த்தி மூடும் முறையை, என். சுப்பிரமணியனுடன் 1980-இல் வெளியிட்டார்.