செய்திமடல் பக்க வடிவமைப்பு

செய்திமடல் என்பது ஒரு சங்கமோ பள்ளியோ ஆலையோ குடியிருப்போர் நலச்சங்கமோ தன் ஆட்களுக்காகக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வெளியிடும் சிறு இதழ். பெரும்பாலும் நான்கு பக்கம், சில சமயம் எட்டு. அதற்கான எழுத்தையும் படத்தையும் கணினித் திரையில் அடுக்கி அச்சகத்துக்குத் தயாராக்கும் வேலை பக்க வடிவமைப்பு. டிடிபி சென்டர்களில் இதை ‘லேஅவுட்’ என்பார்கள்.

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் உள்ள மதுக்கரை போன்ற ஊர்களுக்கு இந்த வடிவம் நன்றாகப் பொருந்தும். 1930களில் தொடங்கிய ஏசிசி சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், வாளையாறு நோக்கிக் காட்டோரமாகச் செல்லும் ரயில் பாதை, 2021-இல் பேரூராட்சியிலிருந்து தரம் உயர்ந்த நகராட்சி என்று அந்த ஊருக்குள் எழுதச் செய்தி நிறைய உண்டு. நாளிதழ்களின் கோவைப் பதிப்பில் அவற்றுக்குக் கிடைப்பது ஓரிரு பாரா. நாலு பக்க மடல் ஒன்று இருந்தால் அந்தச் செய்திகள் முழுதாக நிற்க இடம் கிடைக்கும்.

கோவையில் முன்பு

கணினிக்கு முன் கையெழுத்துப் பத்திரிகைகளும், ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எடுத்த சுற்றறிக்கைகளும், ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட சிற்றிதழ்களும் இந்த வேலையைச் செய்தன. கோவை வட்டாரத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு வானம்பாடி. 1971-இல் தொடங்கிய அந்த ஏடு தன்னை விலையிலாக் கவிமடல் என்று அறிவித்துக்கொண்டது. புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சிற்பி முதலானோர் அதைச் சுற்றி இயங்கினர். சிற்பி 2002-க்கும் புவியரசு 2009-க்கும் உரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றனர். வானம்பாடி கவிதைக்கான ஏடுதான். ஆனாலும் விலை வைக்காமல், தன் வாசகர் வட்டத்தைத் தானே தேடிப்போகும் மடல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கொங்கு நாட்டில் அதைவிட நல்ல சான்று கிடையாது.

மென்பொருள்

ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்ட பேஜ்மேக்கர்தான் மேசைப் பதிப்பு என்ற தொழிலையே உருவாக்கியது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. அதன் இடத்துக்கு அடோபி 1999-இலேயே இன்டிசைனைக் கொண்டுவந்திருந்தது. தமிழ்நாட்டின் டிடிபி சென்டர்கள் பலவற்றில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. விரல்கள் பழகிவிட்டன, பழைய ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. சந்தா கட்ட முடிந்தால் இன்டிசைன். முடியாவிட்டால் கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ். ஸ்கிரைபஸில் நெடுங்காலம் தமிழ் ஒழுங்காக வரவில்லை. 2017-இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் அதன் எழுத்தடுக்கும் பகுதி புதிதாக எழுதப்பட்ட பிறகே கொம்பும் காலும் இடம் மாறாமல் நின்றன. அதன் நிலையான வடிவமான 1.6.0 பதிப்பு 2024 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு ஊர்ச் சங்கத்தின் மடலுக்கு இது போதும், காசும் மிச்சம். இன்டிசைனில் 2012-இன் சிஎஸ்6 பதிப்பிலிருந்து தமிழ் உண்டு. ஆனால் பாரா அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபரில் முடிவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளதால் அதில் புது மடலைத் தொடங்க வேண்டியதில்லை.

எழுத்துரு

தமிழ் மடல் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எழுத்துருவின் குறியீட்டு முறையை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் உருவங்கள் ஏற்றப்பட்டிருக்கும். திரையில் ‘கோவை’ தெரிந்தாலும் கணினியின் நினைவில் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. அப்படி எடுத்த பிடிஎஃப்பில் ‘கோவை’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் படிக்கவும் முடியாது. இந்தக் குழப்பத்தைக் குறைக்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010-இல் யுனிகோடையும் டேஸ்16 என்ற முறையையும் அரசாணை வழியாகத் தரமாக அறிவித்தது. 1991-இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது என்பதை நினைத்தால், இருபது ஆண்டுகளில் எத்தனை சிற்றிதழ், எத்தனை ஊர் மலர், எத்தனை பள்ளி ஆண்டுமலர் தேட முடியாத ஃபைல்களாகப் போய்விட்டன என்ற வருத்தம் வராமல் இராது.

ஆகவே மடலை யுனிகோடில் தொடங்க வேண்டும். பழைய எழுத்துருவில் வந்த கட்டுரையை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி வழியாக யுனிகோடாக்கி, பிழை பார்த்து, பிறகே பக்கத்தில் ஊற்ற வேண்டும். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் எண்களுக்கு இடையிலான கோடுகளும் உருமாறும். அவற்றைத் தனியாகச் சரிபார்ப்பது நல்லது.

உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புக்குப் பாலு தம்பி, முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை உண்டு. ஒரு மடலுக்கு இரண்டு எழுத்துரு போதும். மூன்றாவது வரும்போது பக்கம் கல்யாணப் பத்திரிகையின் சாயலுக்குப் போய்விடுகிறது.

ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் இரண்டு உத்திகள் தமிழுக்கு உதவாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. எனவே தலைப்பின் எடுப்பு அளவிலும் தடிமனிலும் நிறத்திலும்தான் வர வேண்டும். சாய்வெழுத்தும் தமிழ் அச்சு மரபில் இல்லை. மென்பொருள் தானாகச் சாய்த்துத் தரும் எழுத்தில் சுழிகள் நசுங்கும். அழுத்தம் தர வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் போடலாம், அதுவும் அரிதாக.

பக்கத்தின் கட்டமைப்பு

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம் கிடைக்கும். பின் அடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு பிரதி ஏறக்குறைய 10 கிராம். 500 பிரதிக்கு ஒரு ரீம் ஏ3 தாள் கணக்கு, வீணாகும் தாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் ஏறும். ஐந்தாம் பக்கத்துக்கு விஷயம் சேர்ந்தால் எட்டுப் பக்கத்துக்குத் தேடுவதைவிட நாலு பக்கத்துக்குக் குறைப்பதே நல்ல ஆசிரியர் செய்வது.

ஏ4 பக்கம் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இருபுறமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 180 மிச்சம். இதை மூன்று பத்தியாகப் பிரித்தால், நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளியோடு ஒரு பத்திக்கு 57 மில்லிமீட்டர்கூட முழுசாகக் கிடைக்காது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டுவதால் அந்த அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் விழும். இருபுறமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இரண்டு பத்தியாக வைத்து நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டால் ஒரு பத்தி 87 மில்லிமீட்டர். வரிக்கு நான்கைந்து சொல் வரும், கண்ணும் தடுக்காது. தமிழ் மடலுக்கு இரு பத்தியே சரி. மூன்று பத்தி அறிவிப்புகளுக்கும் தொலைபேசி எண் பட்டியலுக்கும் மட்டும். அங்கும் இடப்புறம் மட்டும் நேராக்கி வலப்புறத்தை அதன் போக்கில் விட வேண்டும்.

வரி இடைவெளியிலும் தமிழுக்குத் தனிக் கணக்கு. ‘கீ’ மேலே ஏறும், ‘மூ’ கீழே இறங்கும். மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘தி’யும் மோதாமலிருக்க, 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 பாயிண்டும், 10.5-க்கு 15 பாயிண்டும் வேண்டும். மென்பொருள் தானாகத் தரும் 120 விழுக்காட்டை நம்பக் கூடாது. மேலும் கீழும் 20 மில்லிமீட்டர் விட்டு 15 பாயிண்ட் இடைவெளி வைத்தால் பத்திக்கு 48 வரி. தலைப்பும் படமும் போக நாலு பக்கத்துக்கு ஆயிரம் சொல்லை ஒட்டியே இடம் இருக்கும். கட்டுரை கேட்கும்போதே இந்த அளவைச் சொல்லிவிட்டால் பிறகு வெட்டும் மனக்கசப்பு வராது.

சொல்லை வரிக் கடைசியில் பிரிப்பது தமிழ் நாளிதழ்களில் பழகிய முறைதான், கோடு இல்லாமலே பிரிப்பார்கள். ஒரே விதி: அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ‘விண்ணப்பம்’ என்பதை ‘விண்ணப்’, ‘பம்’ என்று பிரிக்கலாம். ‘விண்ண’, ‘ப்பம்’ என்று பிரித்தால் தவறு. மென்பொருளின் ஆங்கிலச் சொற்பிரிப்பை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு இதழுக்கும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஓரம், பத்தி, பக்க எண், அடிவரி ஆகியவற்றை மாஸ்டர் பக்கத்திலும், உரை, தலைப்பு, படக்குறிப்பு ஆகியவற்றின் அளவை ஸ்டைல்களிலும் ஒருமுறை பதிந்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால், இரண்டாம் இதழிலிருந்து வேலை பாதியாகும்.

முதல் பக்கம்: ஒரு மதுக்கரைச் செய்தி

மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் மோதி யானைகள் சாவதைத் தடுக்க, செயற்கை நுண்ணறிவு வழியாக எச்சரிக்கை தரும் கண்காணிப்பு அமைப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. யானை பாதையை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். இப்படி ஒரு செய்தி முதல் பக்கத்துக்கு வந்தால் எப்படி அடுக்குவது?

பக்கத்தின் மேல்பகுதியில் மடலின் பெயர்ப்பட்டைக்கு 45 மில்லிமீட்டர். அதில் பெயர், மாதம், இதழ் எண். அதன்கீழ் இரு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. 30 பாயிண்டில் ‘ஆக்கிரமிப்புகளை’ போன்ற ஒரு சொல்லே ஏறக்குறைய ஒரு பத்தி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சொற்களைச் சிறிதாகத் தேர்ந்து ‘யானைக்கு வழிவிடும் ரயில்’ என்பதுபோல் மூன்று சொல்லில் முடிப்பது நல்லது. செலவு, கோபுர எண்ணிக்கை, தொடங்கிய மாதம் ஆகிய மூன்றையும் கட்டுரைக்குள் புதைக்காமல் வெளிர் பின்னணியுள்ள பெட்டியில் தனியாக வைக்கலாம். கட்டுரையில் பாதையோரம் வாழ்பவர்கள் சொல்வதற்கு இடம் கிடைக்கும். 2016 ஜூனில் பிடிக்கப்பட்டு டாப்சிலிப் பக்கம் வரகளியாறு முகாமில் இறந்த மதுக்கரை மகாராஜ் என்ற கொம்பன் யானையை ஊரார் மறக்கவில்லை. அந்த நினைவையும் தொட்டால் அது நாளிதழில் வராத செய்தியாகும்.

படம் ஒரு பத்தி அகலத்தில் தெளிவாக அச்சாக 300 டிபிஐ கணக்கில் சுமார் 1030 பிக்சல் அகலம் வேண்டும். முழுப் பக்க அகலத்துக்கு 2100-க்கு மேல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

அச்சகத்துக்கு

பிடிஎஃப்பில் எழுத்துருக்கள் முழுவதும் பதிந்திருக்க வேண்டும். உரை எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணக் கலவையில் உண்டான கறுப்பாக இருந்தால் பிளேட் இம்மி விலகினாலும் தமிழின் மெல்லிய சுழிகளைச் சுற்றி நிற ஓரம் தெரியும். பக்கங்களை 1, 2, 3, 4 என்ற வரிசையில் தருவதே வழக்கம். வெளிப்புறத்தில் 4-ஐயும் 1-ஐயும், உட்புறத்தில் 2-ஐயும் 3-ஐயும் அச்சகத்தார் அடுக்கிக்கொள்வார்கள். ஒற்றை வண்ணமானால் மினி ஆஃப்செட் சிக்கனம். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட். புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, வேலை செய்தவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

உறுப்பினர்களுக்கான மடல்களில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரி காலங்காலமாக அச்சாகி வருகிறது. பொதுச் செய்தியைத் தாங்கி முறையான இடைவெளியில் வரும் இதழ்களின் பதிவுக்கு 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஊர்ச் செய்தி மடலாக வளர்க்க நினைப்பவர்கள் அதன் விதிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டப்படி நூல்களும் நாளிதழ்களும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. தனிச்சுற்று மடல்கள் பெரும்பாலும் அங்கு போவதில்லை. ஆகவே ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதியை ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுத்து, யுனிகோடு பிடிஎஃப்பையும் டெம்ப்ளேட்டையும் எழுத்துருக்களோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில், ஆண்டும் மாதமும் பெயரில் தெரியும்படி, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வடிவமைத்தவர் ஊர் மாறிப் போனாலும் அடுத்தவர் அந்த ஃபோல்டரைத் திறந்து மறுமாத இதழைத் தொடங்கலாம்.