மரத்துக்குள் அட்டவணை: திறவுகோல்களின் கதை

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அக்காலத் தரவுத்தளங்கள் பலவும் மர வடிவின. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் அவற்றுள் புகழ்பெற்றது. அதில் ஒரு பதிவை அடைய வேரிலிருந்து கிளை கிளையாக இறங்க வேண்டும்; அடுக்கு மாறினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் பழுதாகும். காட் கூறிய மாற்று எளியது: இரு பதிவுகளுக்கு இடையிலான உறவை அவை இருக்கும் இடம் சொல்லக்கூடாது, அவற்றிலுள்ள மதிப்பே சொல்ல வேண்டும். முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல் என்னும் கலைச்சொற்கள் அக்கட்டுரையிலேயே உள்ளன.

அதே நிறுவனத்தில் 1969இல் ஆவணங்களுக்கென ஜிஎம்எல் என்னும் குறிமொழி உருவானது. கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவரின் முதலெழுத்துகளே அதன் பெயர். அவர்களுள் ரேமண்ட் லோரி, பின்னர் காட்டின் கொள்கையைச் செயல்படுத்திக் காட்டிய சிஸ்டம் ஆர் திட்டத்திலும் பங்கேற்றார். ஜிஎம்எல்லின் வழித்தோன்றலான எஸ்ஜிஎம்எல் 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அதிலிருந்து பிறந்த எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வெளிவந்தது.

நூல், இயல், பத்தி என விரியும் ஆவணத்துக்கு மர வடிவம் இயல்பாகப் பொருந்தும். அட்டவணைகளை எக்ஸ்எம்எல்லில் அனுப்பத் தொடங்கியபோதுதான் பழைய சிக்கல் திரும்பியது. ஒரு மாணவர் பல பாடங்களைப் படிக்கிறார். ஒரு பாடத்தைப் பலர் படிக்கின்றனர். பாடத்துக்குள் மாணவரை அடக்கினால், அவர் விவரம் பாடந்தோறும் மீண்டும் வரும். ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்தால், ஒரே மாணவருக்கு இரு முகவரிகள்.

டிடிடி என்னும் பழைய வரையறை முறை இதற்கு ஐடி, ஐடிரெஃப் என்னும் இரண்டைத் தந்தது. ஆனால் ஐடி இலக்கத்தில் தொடங்கலாகாது. 101 என்னும் பதிவெண் அப்படியே ஐடி ஆக முடியாது. ஆவணம் முழுவதற்கும் ஐடிகள் ஒரே தொகுதி. மாணவருக்கும் பாடத்துக்கும் ஒரே குறியீடு அமையக்கூடாது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. எந்த வகைப் பொருளைச் சுட்ட வேண்டும் என்று ஐடிரெஃபால் கூற இயலாது. பாடத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ஒரு மாணவரைச் சுட்டினாலும் சரிபார்ப்பு அதை ஏற்றுக்கொள்ளும்.

2001 மே மாதம் வெளியான எக்ஸ்எம்எல் ஸ்கீமா இக்குறைகளைக் களைந்தது. அதன் ‘கீ’ முதன்மைத் திறவுகோலுக்கும், ‘கீரெஃப்’ அயல் திறவுகோலுக்கும் இணையானவை. ‘செலக்டர்’ எந்த உறுப்புகள் என்பதையும், ‘ஃபீல்டு’ அவற்றின் எந்த மதிப்பு என்பதையும் தேர்கின்றன. ஃபீல்டுகள் பல இருக்கலாம். ஆகவே கல்வியாண்டும் பதிவெண்ணும் சேர்ந்து ஒரே திறவுகோலாகவும் அமையலாம். கீரெஃப் எந்தக் கீயைச் சுட்டுகிறது என்பதைப் பெயர் சொல்லியே அறிவிக்க வேண்டும். தவறான சுட்டு இனிச் சரிபார்ப்பைத் தாண்டாது.

எனினும் ஓர் எல்லை நீடிக்கிறது. தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அயல் திறவுகோலைச் சோதிக்க வல்லது. ஸ்கீமாவோ, சரிபார்க்கும் வேளையில், அந்த ஓர் ஆவணத்துக்குள் மட்டுமே சோதிக்கிறது. மாணவர் பட்டியல் ஒரு கோப்பிலும் மதிப்பெண் பட்டியல் இன்னொரு கோப்பிலும் இருந்தால், கீரெஃப் அவ்விரண்டையும் இணைக்காது. அப்பொறுப்பு நிரல் எழுதுபவரையே சேரும்.

மரத்திலிருந்து தரவை விடுவிக்க காட் வகுத்த கருத்து, 31 ஆண்டுகளுக்குப் பின் மரத்துக்குள்ளேயே குடியேறியது. வடிவம் எதுவாயினும், சுட்டப்படும் பொருள் உண்மையில் இருக்கிறதா என்னும் கேள்வியைத் தரவு தவிர்க்க முடியாது.